உதட்டுச் சுரப்பியா, தாடைச் சுரப்பியா, லென்ஸா? கண்ணில் நீரே ஊறாதவர்களுக்கான ஓர் ஒப்பீடு

கடுமையான கண் வறட்சிக்குத் திசு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது என்று யாராவது சொன்னால், எதை எடுத்து எங்கே வைக்கப் போகிறார்கள் என்று உடனே கேட்டுவிடுங்கள். அந்த ஒரே பெயரில் ஐந்தாறு வேறு வேறு ஆபரேஷன்கள் இருக்கின்றன. உதட்டின் உள்பக்கச் சுரப்பியை எடுத்து இமைக்குள் வைப்பது ஒன்று, தாடைக்குக் கீழே இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியைக் கொண்டுபோய் நெற்றிப்பொட்டில் பதிப்பது இன்னொன்று. வாய்க்குள் இருக்கும் சவ்வை இமை ஓரத்தில் ஒட்டுகிறார்கள், பனிக்குடச் சவ்வைக் கண்ணின் மேல் போர்த்துகிறார்கள், ஸ்டெம் செல் வைக்கிறார்கள், கடைசி கட்டத்தில் பல்லையே எடுத்துக் கண்ணுக்குள் பொருத்துகிறார்கள். ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது. இது புரியாமல் ஊர் ஊராக அலைந்து, தேவையில்லாத ஆபரேஷனைச் செய்துகொண்டு, கடைசியில் தேவையானதைச் செய்ய வாயில் திசு மிச்சமில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாள் முழுக்க கம்ப்யூட்டர் பார்த்துக் கண் எரிகிறது என்பவர்களுக்கு இதில் எதுவும் வேண்டாம். அவர்களுக்குச் சொட்டு மருந்தும் இமைச் சுத்தமும் போதும். நான் பேசுவது ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் (பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலும் சளிச்சவ்வும் கொப்புளித்து உரியும் நோய்) வந்து போனவர்கள், கண்ணில் அமிலமோ சுண்ணாம்போ பட்டவர்கள், சளிச்சவ்வைத் தழும்பாக்கும் பெம்பிகாய்டு என்ற நோய் உள்ளவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு கண்ணீர்ச் சுரப்பி கெட்டுப்போனவர்கள் போன்றோரைப் பற்றி. ஷர்மர் சோதனை என்று ஒன்று உண்டு. மெல்லிய வடிதாள் துண்டின் நுனியை மடித்துக் கீழ் இமையில் மாட்டி 5 நிமிடம் விடுவார்கள். நல்ல கண்ணில் தாள் 10 மில்லிமீட்டருக்கு மேல் நனையும். 5-க்குக் கீழே போனால் கடுமை. இவர்களில் பலருக்குத் தாள் போட்டது போட்டபடி காய்ந்தே இருக்கும், எடுக்கும்போது கண்ணில் ஒட்டிக்கொண்டு வரும்.

நான் மருத்துவர் இல்லை. என் தங்கைக்கு வலிப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீவன்ஸ்–ஜான்சன் வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம், வாய் முழுக்கப் புண், இமைகள் ஒட்டிக்கொண்டன. தோல் ஆறியது. கண் ஆறவில்லை. அதிலிருந்து அவளோடு ஆஸ்பத்திரி வரிசைகளில் உட்கார்ந்து, டாக்டர்களிடம் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது இந்த நோயோடு இப்போது வார்டில் படுத்திருந்தால், தோல் டாக்டர் மட்டும் பார்த்தால் போதாது, கண் டாக்டரை அன்றைக்கே வரவழையுங்கள். கண்ணின் மேலும் இமை ஓரங்களிலும் பனிக்குடச் சவ்வைப் போர்த்தினால் பிற்காலத் தழும்பைப் பெருமளவு தடுக்கலாம். ஆனால் அது முதல் ஒரு வாரம் பத்து நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை. தழும்பு விழுந்த பிறகு அதே சவ்வைப் போர்த்தினால் ஆறாத புண் ஆறும், சில வாரங்களில் சவ்வு கரைந்துவிடும், கண்ணீர் வராது. "சவ்வு வைத்தோம், ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று சொல்பவர்களில் பலர் காலம் கடந்த பின் வைத்துக்கொண்டவர்கள்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். முதலில் உங்கள் கண்ணில் எது இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணீரில் தண்ணீர் இருக்கிறது, வழவழப்பைத் தரும் மியூசின் இருக்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அந்தப் படலத்தைக் கண் முழுக்கத் தடவிவிடுவது இமை. கருவிழியின் மேல்தோலைத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருப்பது விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள். ஸ்டீவன்ஸ்–ஜான்சனில் இவை எல்லாமே கெடலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் கெடுவதில்லை, அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்காமல் போகிறது.

என் கணக்கில் முதலிடம் இமை ஓரத்துக்கு. இதைப் பல பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த நோய்க்குப் பிறகு இமையின் உள்விளிம்பு மிருதுவாக இல்லாமல் தோல் மாதிரி தடித்துச் சொரசொரப்பாகிவிடும். நாம் நிமிடத்துக்கு 15 தடவை கண் சிமிட்டுகிறோம் என்று வைத்தால், விழித்திருக்கும் நேரத்தில் 14,000 தடவை அந்தச் சொரசொரப்பு கருவிழியில் உரசுகிறது. என்ன சொட்டு ஊற்றினாலும், எந்தச் சுரப்பியைக் கொண்டுவந்து வைத்தாலும், உரசல் நிற்காத வரை கருவிழி கெட்டுக்கொண்டேதான் இருக்கும். இதற்குத் தீர்வு உதட்டின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து இமை ஓரத்தில் ஒட்டுவது. பார்க்கச் சின்ன ஆபரேஷன். ஆனால் ஸ்டீவன்ஸ்–ஜான்சன்காரர்களுக்குக் கண் பார்வையைக் காப்பாற்றிக் கொடுப்பதில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். தங்கைக்கு இது செய்த பிறகுதான் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க ஆரம்பித்தாள். கண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை, குத்தல் மட்டும் போனது. அந்த அளவுக்கே வாழ்க்கை மாறியது.

அடுத்து ஸ்க்ளீரல் லென்ஸ். இது திசு மாற்று கிடையாது, இருந்தாலும் இந்த ஒப்பீட்டில் இல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஆபரேஷனுக்கு உண்மையான போட்டி இதுதான். சாதாரண காண்டாக்ட் லென்ஸ் கருவிழியில் உட்காரும். இது பெரியது, கருவிழியைத் தொடாமல் தாண்டி வெள்ளை விழியில் உட்காரும். போடுவதற்கு முன் பதப்படுத்தும் மருந்து சேராத உப்புநீரை அதில் நிரப்புவார்கள், அதனால் நாள் முழுக்கக் கருவிழி நீருக்குள்ளேயே இருக்கும். ப்ரோஸ் (PROSE) என்ற வகையை அமெரிக்காவின் பாஸ்டனில் உருவாக்கினார்கள், 1994-இல் அங்கே அனுமதி கிடைத்தது. இங்கே சென்னை சங்கர நேத்ராலயாவிலும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்திலும் பொருத்துகிறார்கள். ஆபரேஷனில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: கருவிழியின் மேடு பள்ளத்தை நீர் நிரப்பிவிடுவதால் பார்வையும் தெளிவாகும், பலருக்கு அன்றைக்கே. சிரமங்களும் உண்டு. விலை அதிகம். தினமும் போட்டுக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், மதியத்துக்கு மேல் மங்கலானால் கழற்றி நீர் மாற்றிப் போட வேண்டும். இமை கண்ணோடு ஒட்டிப்போய் இடுக்கு இல்லாதவர்களுக்கு லென்ஸ் உட்காரவே உட்காராது. இரவு கழற்றிய பிறகு பழைய வறட்சிதான். காலையில் இமை ஒட்டிக்கொண்டு, விரலால் பிரிக்கப் போய் மேல்தோல் உரிந்து வருகிற வலி லென்ஸ் போடுபவர்களுக்கும் இருக்கிறது.

அங்கேதான் சுரப்பி மாற்று தேவைப்படுகிறது. தூக்கத்திலும் கண் நனைய வேண்டுமென்றால் நீர் உள்ளேயிருந்து ஊற வேண்டும்.

உமிழ்நீரைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் யோசனை பழையது. 1951-லேயே சோவியத் ஒன்றியத்தில் ஃபிலாட்டோவ் குழுவினர் காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயைக் கண்ணுக்குத் திருப்பினார்கள். நரம்பு அப்படியே இருந்ததால் சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்த முறை கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது, யாராவது சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள். இப்போது நிஜமான தேர்வு இரண்டுதான், உதடு அல்லது தாடை.

உதட்டுச் சுரப்பியை முதலில் பார்ப்போம். கீழுதட்டை மடித்து உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள், சின்னச் சின்ன முடிச்சுகள் தட்டுப்படும். ஆபரேஷனில் சவ்வை அறுத்துத் திருப்பினால் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி வெளிறிய மணிகளாகத் தெரியும். வாய் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவற்றின் நுண்குழாய்கள் நேராகச் சவ்வின் மேலேயே திறக்கின்றன, அதனால் சுரப்பியைத் தனியாகப் பிரிக்காமல், மேலிருக்கும் சவ்வோடு சேர்த்து ஒரு பட்டையாக எடுத்து, இமையின் உள்பக்க மடிப்பில் தையல் போட்டு வைக்கிறார்கள். ரத்தக்குழாயை இணைக்கும் வேலை இல்லை, வைத்த இடத்திலிருந்தே ரத்தம் பிடித்துக்கொள்ளும். இவை நரம்பு கட்டளையிடாமலேயே சொற்பமாக, விடாமல் சுரப்பவை, சுரப்பிலும் மியூசின் அதிகம். கண்ணுக்கு வேண்டியதும் கொஞ்சமாக, எப்போதும், வழவழப்பாக என்ற அந்தத் தன்மைதான்.

பலன் எவ்வளவு? வெள்ளமாக வராது. ஷர்மர் தாளில் சில மில்லிமீட்டர் கூடும். பூஜ்யத்திலிருந்து சில மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கண்ணோடு வாழ்பவர்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொட்டு ஊற்றியவர் மணிக்கணக்கில் இடைவெளி விடலாம் என்றால், பஸ்ஸில் போகலாம், ஒரு வகுப்பு முழுக்க உட்காரலாம், ராத்திரி எழுந்திருக்காமல் தூங்கலாம். பார்வை கொஞ்சம் தெளிவடையலாம், ஆனால் ஏற்கெனவே வெண்தழும்பு விழுந்த கருவிழியை இது தெளிவாக்கப் போவதில்லை, அந்த நம்பிக்கையில் யாரும் போக வேண்டாம். பாதகங்கள் என்று பார்த்தால் உதட்டில் மரத்துப்போன உணர்வு, மேல் இமை லேசாகத் தொங்குவது, ஒட்டிய திசுவில் ஒரு பகுதி பிடிக்காமல் போவது, இமையைத் தூக்கினால் சிவப்பாகத் தடித்துத் தெரிவது. எல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஆபரேஷன் பிடிக்காமல் போனாலும் கண் முன்பு இருந்ததைவிடப் பெரிதாக மோசமாவதில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆறுதல்.

தாடைச் சுரப்பி வேறு ரகம். ஸ்பெயினின் ஹுவான் முருபே 1980-களில் தொடங்கிய முறை, பிறகு ஜெர்மனியில் கெர்ட் கீர்லிங்கும் பெய்ஜிங்கில் யூ குவாங்யான் குழுவினரும் நிறையச் செய்து எழுதியிருக்கிறார்கள். தாடைக்கடியில் கீறி, சுரப்பியை அதன் தமனி, சிரையோடு முழுசாக எடுத்து, நெற்றிப்பொட்டில் குழி செய்து பதித்து, அங்கே இருக்கும் ரத்தக்குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைத்து, சுரப்பியின் குழாயைத் தோலுக்கடியில் இழுத்து மேல் இமையின் வெளி மூலையில் திறந்துவிடுகிறார்கள். முழு மயக்கத்தில் பல மணி நேரம் ஆகும். கண் டாக்டர் மட்டும் போதாது, முகத்தாடை அறுவை மருத்துவரும் நுண்ரத்தக்குழாய் தைக்கத் தெரிந்த கையும் வேண்டும். முதல் சில நாளில் சிரையில் ரத்தம் கட்டிக்கொண்டால் சுரப்பி செத்துவிடும். கீழுதட்டை அசைக்கும் நரம்பு கீறும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, அதற்கும் ஆபத்துண்டு.

இதையெல்லாம் தாண்டிப் பிடித்துவிட்டால் நீர் தாராளம். சிலருக்குத் தாராளம் மட்டுமில்லை, தொந்தரவாகவே ஆகிவிடும். ஆரம்பத்தில் நரம்பு அறுந்திருப்பதால் சில வாரங்கள் சுரப்பு குறையும், அந்தக் காலத்தில் குழாய் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் நரம்பு மறுபடி வளர்ந்து வந்ததும் சுரப்பு ஏறும். வெயிலில் போனால், ஓடினால், சாப்பிட்டால் கண்ணில் நீர் வழியும். பெய்ஜிங்கிலும் ஜெர்மனியிலும் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்களோ, சித்திரை வைகாசியில் சென்னையிலோ மதுரையிலோ வெளியே வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வழிந்தால் துடைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பிரச்சினை அதோடு நிற்கவில்லை, உமிழ்நீரில் உப்புச் செறிவு கண்ணீரைவிடக் குறைவு, அதனால் அளவுக்கு மீறி நனைந்தால் கருவிழியின் மேல்தோல் நீரை உறிஞ்சி வீங்கிப் பார்வை மங்கும். அதற்கு மறுபடி ஆபரேஷன் செய்து சுரப்பியின் ஒரு பகுதியை வெட்டிக் குறைக்கிறார்கள், போட்டாக்ஸ் ஊசி போடுகிறார்கள். காப்பாற்ற நட்டதையே பிறகு அடக்க வேண்டிய நிலை.

அப்படியானால் தாடைச் சுரப்பி யாருக்குத்தான் பொருந்தும்? தாள் அறவே நனையாதவர், உதட்டுச் சுரப்பி வைத்தும் போதாதவர், பெரியவர், தாடைச் சுரப்பி நன்றாக வேலை செய்கிறது என்று ஸ்கேனில் உறுதியானவர், அப்புறம் இந்த ஆபரேஷனைத் தொடர்ந்து செய்துவரும் குழு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர். ஆண்டுக்கு ஒன்று செய்யும் இடத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்பேன். நம் ஊர் நிலவரத்தில் இரண்டில் ஒன்றைக் கேட்டால் தயங்காமல் உதட்டுச் சுரப்பி என்றுதான் சொல்வேன்.

ஷோக்ரென் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும் நோய், உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்த நோய் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சேர்த்தே அழிக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கவே உதட்டுச் சுரப்பியில் துணுக்கு எடுத்துத்தானே பார்க்கிறார்கள்! நோய் தின்றுகொண்டிருக்கும் சுரப்பியை எடுத்துக் கண்ணில் வைத்து என்ன ஆகப்போகிறது. அவர்களுக்கு நோயை அடக்கும் மருந்து, சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் சொட்டு, கண்ணீர் வடிகால் துளையை அடைப்பது, லென்ஸ் என்ற பாதைதான் நல்லது. பெம்பிகாய்டு உள்ளவர்களுக்கு வேறு எச்சரிக்கை: நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் கத்தி வைத்தால் தழும்பு இன்னும் வேகமாக ஏறும். மருந்தால் நோய் அடங்கி, கண் அமைதியாக இருக்கும் காலத்தில்தான் எதுவும். ஸ்டீவன்ஸ்–ஜான்சனிலும் சிலருக்கு வாய் வறண்டுபோயிருக்கும், அவர்கள் உமிழ்நீர் அளவைப் பார்க்காமல் தேதி வாங்கக் கூடாது.

ஸ்டெம் செல்லும் கருவிழி மாற்றும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது "கண் தானத்தில் கருவிழி வாங்கி மாற்றிவிடலாமே" என்பதைத்தான். ஈரமில்லாத கண்ணில் தானக் கருவிழி நிலைக்காது. மேல்தோல் மூடாமல் புண்ணாகிக் கரையும். ஸ்டெம் செல் மாற்றும் அப்படியே. 2012-இல் எல்.வி. பிரசாத்தில் விரேந்தர் சங்வான் குழு வெளியிட்ட எளிய முறை, அதாவது நல்ல கண்ணிலிருந்து மிகச் சிறிய துண்டெடுத்துப் பொடித் துண்டுகளாக்கி மற்ற கண்ணில் பரப்புவது, ஒரு கண்ணில் மட்டும் அமிலம் பட்டவர்களுக்கு அருமையாக வேலை செய்கிறது. ஆனால் அதற்கும் கண் ஈரமாக இருக்க வேண்டும், இன்னொரு கண் நன்றாக இருக்க வேண்டும். ஸ்டீவன்ஸ்–ஜான்சன் இரண்டு கண்ணையும் தாக்குவது. ரத்த உறவினரிடமிருந்து எடுத்தால் உடல் ஏற்காமல் தள்ளாதிருக்க மருந்துகளை நீண்ட காலம் சாப்பிட வேண்டும்.

இரண்டு கண்ணும் போய், வெளிச்சம் மட்டும் தெரியும் நிலையில், விழித்திரையும் பார்வை நரம்பும் நன்றாக இருந்தால், கடைசியாக ஒரு வழி இருக்கிறது. கோரைப்பல்லை அதைச் சுற்றிய எலும்போடு எடுத்து, நடுவில் துளையிட்டு ஒளிபுகும் உருளையைப் பொருத்தி, சில மாதம் தோலுக்கடியில் வைத்துத் திசு வளரவிட்டு, பிறகு கண்ணில் பதிப்பது. கன்னத்தின் உள்சவ்வை எடுத்துக் கண் முழுக்கப் போர்த்தியிருப்பார்கள். 1960-களில் இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி தொடங்கிய முறை, சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். கண் இளஞ்சிவப்பாக, நடுவில் ஒரு கரும்புள்ளியோடு தெரியும். பார்வைப் பரப்பு குறுகலாக இருக்கும், கண் அழுத்த நோய் வரலாம். ஆனால் வறண்ட கண்ணில் தாக்குப்பிடித்துப் பல ஆண்டு பார்வை தருவதில் இதற்கு மிஞ்சியது இல்லை. ஒரு கண்ணில் நல்ல பார்வை இருக்கும்போது இதை யோசிக்கவே வேண்டாம்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம், எல்லாத் திசுவும் ஒரே வாயிலிருந்துதான் வர வேண்டும். இமை ஓரத்துக்கு உதட்டுச் சவ்வு, சுரப்பி மாற்றுக்கும் அதே உதடு, பல் முறைக்குக் கன்னத்துச் சவ்வும் கோரைப்பல்லும். ஒரு டாக்டர் ஒரு வருடம் ஒன்று செய்ய, இன்னொருவர் அடுத்த வருடம் இன்னொன்று செய்ய என்று போனால் உதடு முழுக்கத் தழும்பாகி, அடுத்ததுக்கு நல்ல இடம் கிடைக்காது. அதனால் முதல் ஆபரேஷனுக்கு முன்பே, இரண்டு கண்ணின் நான்கு இமைக்கும் சேர்த்து எது எங்கிருந்து என்று ஒரே டாக்டர் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். எடுத்த இடம் எது என்று ஆபரேஷன் குறிப்பில் எழுதி வாங்கி வையுங்கள். வெற்றிலை, புகையிலை, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். பல் ஆடினால் சும்மா பிடுங்கிவிடாதீர்கள், கோரைப்பல்லை மட்டுமாவது காப்பாற்றப் பாருங்கள்.

தங்கைக்கு இமை ஓரம் முடிந்துவிட்டது, பகலில் லென்ஸ் போடுகிறாள், ராத்திரி வறட்சிதான் தீரவில்லை. அதனால் உதட்டுச் சுரப்பிக்குத் தேதி வாங்கியிருக்கிறோம், முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், ஒன்று எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அதுவரை ஒரு நோட்டில் எத்தனை மணிக்குச் சொட்டு ஊற்றினாள், ராத்திரி எத்தனை முறை எழுந்தாள், ஷர்மர் தாளில் எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்கிறாள். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து டாக்டர் "எப்படி இருக்கு" என்று கேட்டால், ஞாபகத்திலிருந்து சொல்லாமல் நோட்டைத் திறந்து காட்டலாம், இரண்டாவது கண்ணுக்குச் செய்வதா வேண்டாமா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.